பின் இருக்கை, பதினொரு பவுண்ட்

பாட அட்டவணையில் இரண்டும் மோதிக்கொண்டன.
செவ்வாய் காலை பத்துக்கு எடையும் சமநிலையும்,
பத்தேகாலுக்கு எலும்பியல்.
பதிவாளர் அலுவலகத்து மிஸஸ் அபெனோஹா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கேட்டாள்:
"பறக்கணுமா, தோண்டணுமா? ஒன்றைச் சொல்."
பிறகு பெருமூச்சோடு இரண்டையும் எழுதிக்கொண்டாள்.
ஆங்கரேஜில் அந்த இலையுதிர்காலம் முழுக்க
ஹாங்கரிலிருந்து அருங்காட்சியகக் கிடங்குக்கு ஓடினேன்.
விரல்களில் கிரீஸ் வாடை.
கையுறை மாட்டினால் தெரியாது.

இரண்டு வகுப்பிலும் வட்டம் வரையச் சொன்னார்கள்.
வான்வழி வரைபடத்தில் வட்டம் ஒரு விமானத்தளம்;
மேலே பெருக்கல் குறி போட்டால் மூடிவிட்டார்கள்.
உறவுமுறை வரைபடத்தில் வட்டம் ஒரு பெண்;
குறுக்கே கோடு போட்டால் இறந்துவிட்டாள்.
தேர்வுக்கு முந்தின நள்ளிரவில்
என் அத்தைமார் நாலு பேரையும்
தரையிறங்கக் கூடாத இடங்களாகக் குறித்து வைத்திருந்தேன்.

நாலாம் அலமாரி, நூற்றுப் பதினேழாம் பெட்டி.
தொடையெலும்பை அளக்கச் சொன்னார் பேராசிரியர் ஹால்வர்சன்.
அளந்தேன்.
பெண். ஐம்பதைத் தாண்டியவள்.
முன்பற்கள் ஈறுவரை தேய்ந்திருந்தன,
சீல் தோலை மென்று மென்று மிருதுவாக்கியவள்.
அட்டையைத் திருப்பினேன்.
எடுக்கப்பட்ட இடம்: எங்கள் ஆறு,
எங்கள் வளைவு.
அளவுகோலை மேசையில் வைத்தேன்.
பக்கத்தில் யாரோ பென்சில் கேட்டார்கள். கொடுத்தேன்.

கடிதங்கள் போய்வர இரண்டு வருடம்.
கையெழுத்திட வேண்டியவர்கள் பதினான்கு பேர்;
ஒருவர் ஓய்வு பெற்றார்,
ஒருவர் சால்மன் பிடிக்கப் போனவர் திரும்பவே இல்லை,
வேறு வேலை கிடைத்துவிட்டதாம்.

"பதினொரு பவுண்ட்தானே, தத்யானா,
சாமான் பகுதியில் வை."
லோஃப்க்ரென், என் பறப்புப் பயிற்றுநர்.
கெட்டவர் இல்லை, கணக்கைப் பேசினார்.
படிவத்தில் விமானி, முன் இருக்கை, பின் இருக்கை,
சாமான், எரிபொருள்.
அவ்வளவுதான் வரிசைகள்.
பின் இருக்கைக்கு நேரே 11 என்று எழுதினேன்.
ஈர்ப்புமையம் ஒரு நூலளவு முன்னே நகர்ந்தது.
பெல்ட்டை இழுத்துப் பெட்டிக்கு மாட்டினேன்.
"குழந்தையா?" என்றான்
எரிபொருள் நிரப்ப வந்த பையன், தாளைப் பார்த்து.
"பெரியவங்க" என்றேன்.

கணவாய் தாண்டியதும் மேகம் தாழ்ந்தது.
எஞ்சின் ஒருமுறை இருமியது.
முள் சரிந்தது.
கார்புரேட்டரில் பனி. ஏழாம் பாடம்.
சூடேற்றும் குமிழை இழுத்தால்
முதலில் இன்னும் மோசமாகும், பயப்படாதே
என்று புத்தகத்தில் இருக்கிறது.
பயப்படாமல் இருப்பது எப்படி என்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.
இழுத்தேன். மோசமானது.
வானொலியில் ஒரு குரல்,
காலைச் சாப்பாடு முடித்து வந்த நிதானத்தோடு:
"எரிபொருள் எவ்வளவு நேரத்துக்கு?
விமானத்தில் எத்தனை உயிர்கள்?"

ஆபத்தில் அப்படித்தான் கேட்பார்கள்.
ஆட்கள் எத்தனை என்றல்ல.

"இரண்டு மணி நாற்பது. மூன்று."

லோஃப்க்ரென் என்னைப் பார்த்தார்.
அவர் கை மைக் வரை போனது.
பிறகு அதே கையால்
குமிழ் முழுக்க வந்திருக்கிறதா என்று
தொட்டுப் பார்த்துக்கொண்டார்.
உருகிய தண்ணீரை விழுங்கித் தும்மியது எஞ்சின்,
தும்மி, தும்மி, சீரானது.
அதற்குப் பிறகு பேச்சே இல்லை,
கீழே ஆறு வளைய ஆரம்பித்த வரை.

சரளை ஓடுபாதையில் பதினைந்து பேர் நின்றார்கள்,
பாதிப் பேர் நாலுசக்கர வண்டிகளில்,
எஞ்சினை அணைக்காமல்.
அவளை முதலில் இறக்கினார்கள்.
லோஃப்க்ரென் தொப்பியைக் கழற்றினார்;
காற்றுக்குத் தலைமுடி கண்ணில் விழுந்தது, ஒதுக்கவில்லை.

மாலையில் தொலைபேசி.
நடந்ததைப் பதிவுசெய்யும் அலுவலகம்.
"மூன்று என்றிருக்கிறீர்கள்.
இரண்டு பெயர்தான் இருக்கிறது எங்களிடம்.
மூன்றாமவர் பெயர்?"
தெரியாது என்றேன்.
மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.
"சரி, உங்களுக்கு என்ன உறவு?"

ஒரு முழுப் பருவம் படித்த பாடம்.
கையில் பென்சில் வேறு இருந்தது.
வட்டம் போட்டேன்,
அதிலிருந்து கீழே ஒரு கோடு,
கோடு தாளின் விளிம்பைத் தாண்டி மேசைக்குப் போனது.

"லைனில் இருங்கள்" என்றேன்,
"வரைந்துகொண்டிருக்கிறேன்."