மூன்றாம் கிணறு

சீர்காழிக்குக் கிழக்கே, எக்ஸ்பிரஸ் பஸ் நிற்காத ஊர்.
கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம்.
மணமேடையில் அதிகாரிகள்.
அவர்கள் தலைக்கு மேல்
போன முகூர்த்தத்தின் தெர்மாகோல் எழுத்துகள்:
மணமகன் போய்விட்டார்,
‘செல்வி’ மட்டும் மிச்சம்.

கம்பெனி சட்டையில் நான், மூன்றாவது வரிசை.
மடியில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
இறால் பண்ணை, நாற்பது ஹெக்டேர்,
சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை.
எழுதியது நான் என்றுதான் உள்ளே போட்டிருக்கிறது.
ஒட்டியது என்பதே சரியான சொல்.

நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தை
ஒருவர் எழுந்து உரக்கப் படித்தார்:
“மலைச்சரிவுகளில் மண் அரிப்பு தடுக்கப்படும்.”
மண்டபம் ஒரு நொடி யோசித்தது,
பிறகு சிரித்தது.
“எங்க ஊர்ல ஒசரம்னா
தண்ணி டேங்குதான் தம்பி.”

அந்த மலை தருமபுரிப் பக்கம்,
ஒரு கல்குவாரி அறிக்கையிலிருந்து
தப்பி வந்தது.
மூன்று நாளில் முடிக்கச் சொல்லியிருந்தார்கள்.

மயிலாடுதுறையில் எங்கள் துறை
வேதியியல் ஆய்வகத்துக்குப் பின்னால் ஓர் அறை.
சுற்றுச்சூழல் மேலாண்மை, முதுகலை.
பத்தொன்பது பேருக்கு உப்பளக்கும் மானி ஒன்று.
புத்தகத்தில் ரைன் நதி பதினொரு பக்கம் ஓடும்;
காவிரி, பயிற்சி வினாவில் ஒரு வரி.
மீனலோசனி மேடம் கௌரவ விரிவுரையாளர்:
கௌரவம் மாதாமாதம்,
சம்பளம் நாலு மாதத்துக்கு ஒருமுறை.
மானிக்கு பேட்டரி அவர் காசில்.
அவர் நடத்தியதில் எனக்குத் தங்கியது ஒன்றுதான்:
“நம்பர் நிக்கிற வரைக்கும் கையை எடுக்காதீங்க.”

பட்டம் வாங்கினோம்.
அரசு வேலைக்கு அது இணையானதல்ல என்று
ஒரு கடிதம் வந்தது.
அலாவுதீன் நாகூரில் செல்போன் கடை.
பாக்கியமேரி காப்பீடு விற்கிறாள்,
வெள்ளத்துக்குத் தனி பாலிசி இருக்காம்.
என்னைக் கம்பெனி எடுத்துக்கொண்டது.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.
தையல்நாயகி.
இது அவள் ஊர் என்பதையே மறந்திருந்தேன்.
கையில் பழுப்பு அட்டை போட்ட செய்முறைப் பதிவேடு.
“நிலத்தடி நீர் நன்னீர்னு போட்டிருக்கீங்க.
நாலு வருஷத்துக்கு முன்னாடி, பங்குனியில,
உப்பனாத்துப் பக்கம் எட்டு கிணறு அளந்தோம்.”

அளந்தோம்.
அவள் நீர் இறைக்க, நான் எழுத.

“முதல் கிணறு, ஆயிரத்து நூத்திப் பத்து.
ரெண்டாவது, ஆயிரத்து எழுநூறு.
நாலாவது, மூவாயிரத்து நானூறு...”

மூன்றாவதைத் தாண்டிவிட்டாள்.

அன்றைக்கு நாலு மணிக்கு பஸ்.
எண் ஏறிக்கொண்டே இருந்தது, எனக்குப் பொறுமையில்லை,
அக்கம்பக்கத்து எண்களோடு ஒத்துப்போகிற மாதிரி
ஒன்றை எழுதி மூடினேன்.
அவள் பார்த்தாள், வாளியைக் கவிழ்த்தாள்.
செய்முறை மதிப்பெண் இருவருக்கும் நாற்பத்தாறு.

எங்கள் மேனேஜர் பிடித்துக்கொண்டார்:
“மூணாவது கிணறு என்னம்மா ஆச்சு?
தண்ணி நல்லா இருந்துச்சோ?”

“அது சரியா அளக்கல சார்.
அதனால படிக்கல.”

அவ்வளவுதான்.
என் பெயரைச் சொல்லவில்லை,
என் பக்கம் திரும்பவுமில்லை.
மேனேஜர் மட்டும் புன்னகையோடு உட்கார்ந்தார்,
ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி.

கோட்டாட்சியர் பேனாவைத் திறந்தார்.
“அளவு எடுத்தது யார் யாரு?
பேர் சொல்லுங்க, பதிவு பண்ணணும்.”
தையல்நாயகி தன் பெயரைச் சொன்னாள்,
ஊர், படிப்பு சொன்னாள்,
பதிவேட்டை மூடிக்கொண்டு நின்றாள்.
“இன்னொருத்தர்?”

மைக் கைமாறிக் கைமாறி முன்னே வந்தது.
ஐந்தாவது வரிசையில் வயர் முறுக்கி இழுத்து நின்றுவிட்டது.
அதற்கு மேல் வராது.
வேண்டுமென்றால்
எழுந்துதான் போக வேண்டும்.