பதினேழாம் சாவி

மலைக்கு அடியில் யாரோ
அடுப்பை அணைக்க மறந்துவிட்டார்கள்.
அதில்தான் பிழைக்கிறது எங்கள் ஊர்.

சதுக்கத்துக் குழாயில் இரவும் பகலும் கொதிநீர்.
கிறிஸ்துமஸுக்கு முன் அதில் பன்றித்தலைக்கு மயிர் களைவார்கள்.
பெருநாளன்று ஆட்டுக்குடல் கழுவுவார்கள்.
இடையில் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துவிட வேண்டும்.
யார் தேய்ப்பது என்பதில்தான்
எங்கள் மதச் சண்டை முழுவதும்.

பெண்கள் குளியல் கூடத்துக்கு நான் சாவிக்காரி.
முப்பத்தொன்பது ஆண்டுகள்.
பல்கேரியர், துருக்கியர், போமாக்குகள், ரோமாக்கள்,
ஆடையை ஆணியில் மாட்டிவிட்டால்
மிஞ்சுவது பிரசவத் தழும்பும் முழங்கால் வலியும்தான்
என்று சொல்ல ஆசை.
பொய்.
ஆவிக்குள்ளும் அவரவருக்கு அவரவர் மூலை.
ரோமாப் பெண்கள் எழுந்துபோன கல்லில்
ஒரு வாளி ஊற்றாமல் யாரும் உட்கார்ந்ததில்லை.
நானும்தான்.

நாஸிஃபே வியாழக்கிழமைகளில் வருவாள்.
மர ஆலையில் வேலை,
அவள் குளித்த வாய்க்காலில் பைன் தூள் மிதக்கும்.

ஒரு குளிர்காலம் லாரிகளில் வந்தவர்கள்
மேட்டுத்தெருவில் வீடு வீடாகப் பெயர்களை வாங்கிக்கொண்டு
பதிலுக்குச் சீட்டுக் கொடுத்தார்கள்.
அவள் சீட்டில் நதேஜ்தா என்றிருந்தது.
‘நம்பிக்கை’ என்று பொருள்.
என் பெயர் ஸ்தோயன்கா.
அதைக் கேட்டு யாரும் வரவில்லை.

எனக்கும் புதிய பேரேடு வந்தது.
பழைய பெயரைக் கூப்பிட்டால் அபராதம்.
அந்த வியாழன் அவள் ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.
பழையதைச் சொல்லப் பயம்.
புதியதைச் சொல்ல நாக்கு புரளவில்லை.
"பதினேழு" என்றேன், சாவியை நீட்டி.
அவள் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாள்.
எங்கள் ஊரில் அதற்கு
ஆம் என்று அர்த்தம்.

அப்புறம் அரசு விழுந்தது.
பெயர்களைத் திருப்பித் தந்தார்கள்,
அதற்கும் விண்ணப்பம், அதற்கும் வரிசை.
மகள் போய் வாங்கிக்கொண்டாள்.
மகன் சோஃபியாவில் புதிய பெயரிலேயே
கடையும் கல்யாணமும் முடித்திருந்தான்.
இவள் எந்த வரிசையிலும் நின்றதாகத் தெரியவில்லை.
ஒருமுறை ஆவிக்குள் கேட்டேன்,
"இனி எதைச் சொல்லிக் கூப்பிட?"
"முதுகைத் தேய்" என்றாள்.

போன செவ்வாய் கூடத்துக் கதவில்
இரண்டு மரண அறிவிப்புகள்.
கறுப்புக் கரையிட்டது மகன் ஒட்டியது, நதேஜ்தா.
பச்சைக் கரையிட்டது மகளுடையது, நாஸிஃபே.
இரண்டிலும் ஒரே படம்,
ஆலை அடையாள அட்டையிலிருந்து எடுத்தது.
புதிதாய் வேலைக்குச் சேர்ந்த மசாஜ்காரப் பெண்
"இரட்டைப் பிறவிகளா?
ஒரே நாளிலா போனார்கள்?" என்று கேட்டாள்.
எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல்
ஆம் என்று தலையாட்டினேன்.

கதவிடுக்கில் கசியும் ஆவிக்குப் பசை நிற்பதில்லை.
காலையில் பார்த்தால் இரண்டும் ஒருபுறம் சரிந்திருக்கின்றன.
கட்டைவிரலால் அழுத்திவிடுகிறேன்.
முதலில் எதை என்று
ஒவ்வொரு நாளும் ஒரு கணம் நிற்கிறேன்.

வியாழன் கூட்டம்.
ஆணிப்பலகையில் மிச்சம் ஒன்றுதான்.
ரோமாத் தெருவின் ஃபிதான்கா
ஈரக்குழந்தையை இடுப்பில் வைத்து நின்றாள்.
கொடுத்தேன்.
துண்டு கொடுக்க மறந்துபோனது.
அவளே திரும்பி வந்து
கேட்டு வாங்கிக்கொண்டாள்.