நிகர எடை

வேலந்தாவளம் எடைமேடையில்
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
உலகம் கிலோக் கணக்கில் வரும்.
சரக்கோடு நிற்கும் வண்டியிலிருந்து
வெறும் வண்டியைக் கழி.
மிச்சம் நிகர எடை.
சீட்டைக் கிழி. அடுத்தது.

நாகாலாந்து எண் போட்ட கண்டெய்னர் ஒன்று
மழைக்கு மூன்று மணி நேரம் ஒதுங்கிப் போனபின்
பெஞ்சுக்கு அடியில் கிடந்தது பென் டிரைவ்,
ரப்பர் பேண்டு சுற்றி.
எண்பத்தாறு பாட்டு. ஒன்றுக்கும் பெயரில்லை.
எண் மட்டும், வண்டிகளுக்குப் போல.

ஒன்பதைப் போட்டேன்.
ஒரே தொண்டைக்குள் இரண்டு ஆள்.
கீழே ஒருவன் டீசல் எஞ்சினாய் உறும
அவன் உச்சந்தலையில் உட்கார்ந்து
இன்னொருவன் சீட்டியடித்தான்.
ஸ்பீக்கர் போய்விட்டதென்று தட்டிப் பார்த்தேன்.
இரண்டு பேரும் நிறுத்தவில்லை.

பதினான்கில் பெண்கள்.
பத்துப் பேரோ இருபது பேரோ,
சேர்கிற மாதிரி வந்து சேராமல்
குரலோடு குரலை உரசினார்கள்.
தகரத்தில் ஆணி இழுத்ததுபோல் முதலில் பல் கூசியது.
கூச்சம் அடங்கியபோது
நான் அழுதுகொண்டிருந்தேன்,
செங்கல் லாரிக்காரன் ஜன்னலைத் தட்டி
"என்னக்கா, கண்ல தூசியா" என்றான்.

இருபத்திரண்டில் ஒரு கம்பி வாத்தியம்
சொன்ன நாலு வார்த்தையையே திரும்பச் சொல்லி
மாடு நடக்கும் வேகத்தில் எங்கோ போனது.
நாற்பதில் ஒருத்தி
யாரையோ வழியனுப்பிவிட்டு
எழுந்து வீட்டுக்குப் போக மறந்திருந்தாள்.

பாழான எடைச்சீட்டுகளின் முதுகில் எழுதினேன்:
9, புல் மட்டும் இருக்கும் நாடு.
14, குளிர், மலை, நிறைய ஆடு.
22, மணல்.
40, கடல். ஆள் திரும்பவில்லை.

அப்புறம் போனைக் கேட்க வைத்தேன்.
மங்கோலியா என்றது. பல்கேரியா என்றது.
மாலி. போர்ச்சுகல்.
புல்லும் கடலும் எனக்குச் சரியாய் வந்திருந்தன.
ஆடு பற்றிப் போனுக்குத் தெரியவில்லை.

அறுபத்தொன்றை மட்டும்
மூன்று முறை கேட்டுக் கைவிரித்தது.
அப்படியென்றால் ரொம்பத் தூரம்,
கப்பல் போகாத ஏதோ தீவு என்று வைத்துக்கொண்டேன்.
மூச்சு முறியாமல் ஓடும் குழல்,
அடியில் மண்ணைத் தட்டுகிற தோல்.
தினமும் ஒரு மணிக்குப் பரோட்டாவைப் பிரித்ததும்
அதைத்தான் போடுவேன்.
கால் தானாகத் தாளம் போடும்.

நேந்திரன் ஏற்றி வந்த மருதன்
சீட்டு வாங்கக் கை நீட்டியவன் நீட்டியபடி நின்றான்.
"இது எங்க கொகலுங்க."
எங்கே?
"அட்டப்பாடி. கோட்டத்தறைக்கு அந்தாண்ட.
எழவுக்கு ஊதறது."
என் வாயில் பரோட்டா இருந்தது.
மூன்று பஸ் மாறினால் போய்விடலாம்
என் தீவுக்கு.

பாஷையைக் கழித்தால் மிச்சம் பாட்டு என்று
இத்தனை இரவும் சீட்டுப் போட்டிருக்கிறேன்.
பதினான்கின் பெண்கள்
மாப்பிள்ளை வீட்டாரைக் கிண்டலடித்திருக்கலாம்.
ஒன்பதாமவன் காணாமல் போன குதிரையைக் கூப்பிட்டிருக்கலாம்.
நாற்பது, ஒருவேளை, மீன் விலை.

நிறுத்தப் போன கையை மருதன் தடுத்தான்.
"பாதியில நிறுத்தக் கூடாது.
ஓடி முடியட்டும்."
நாகாலாந்து வண்டிக்கு இது எப்படிப் போனதென்று
அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
பரோட்டாவைத் தாளில் மடித்தேன்.
பின்னால் இரண்டு லாரி ஹாரனடித்தன.
மேடையில் வாழைக்குலைகளோடு வண்டி,
எஞ்சின் அணைந்து,
ஆள் இறங்கி.
ஆனாலும் சிவப்பு எண்
பதினாலாயிரத்து நானூற்று எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவே
நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டிருந்தது.
எதை அச்சடிப்பதென்று
பார்த்துக்கொண்டே இருந்தேன்.