எடைக்கு முன்னால் ஒரு சீட்டு

கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் எந்திரம்
ராத்திரி இரண்டு மணிக்கு உருளத் தொடங்கும்.
நெற்றியில் டார்ச் கட்டிப் பிடுங்கியவர்கள்
மண்ணும் தழையுமாய் மூட்டையை இறக்கிவிட்டு
பீடிக்கு ஒதுங்குவார்கள்.
எனக்கு ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர்,
காலடியில் கரிச்சட்டி.
யார், எத்தனை கிலோ, எந்த லாரி.
விடிவதற்குள் மேட்டுப்பாளையம் சேரவேண்டிய சரக்கு.

தராசடியில் பிலவேந்திரன் போனில் எடையைத் தட்டுவான்.
பனி இறங்கினால் சிக்னல் ஏறாது.
வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும்,
மறுபடி தட்டுவான்.
முதல் தட்டலும் எங்கேயோ திரிந்துவிட்டு
கல்யாணம் முடியும் நேரத்தில் வரும் தூரத்துச் சொந்தம்போல
வந்து உட்காரும்,
எனக்கும் இலை போடு என்று.
ஒரே கேரட்டுக்கு இரண்டு வரி.
இரண்டு தடவை பணம் கொடுத்த பிறகு
முதலாளி நஞ்சுண்டன் கேட்டார்:
உனக்கு எண்ணத் தெரியுமா, தெரியாதா?

நிரலில் ஒரு வரி சேர்த்தேன்.
இருக்கிறதா என்று முதலில் கேள்,
இல்லையென்றால் மட்டும் எழுது.
நான்கு நாள் நிம்மதி.
ஐந்தாம் நாள் பனி சட்டென்று விலக
தேங்கி நின்ற இரண்டு தட்டலும்
தோளோடு தோள் இடித்து வந்தன.
இருக்கிறதா? என்றது ஒன்று.
இருக்கிறதா? என்றது மற்றது.
இரண்டுக்கும் இல்லை என்றது அட்டவணை.
பொய் சொல்லவில்லை,
அந்த நொடியில் இல்லைதான்.
இரண்டும் எழுதிவிட்டுப் போயின.

வருகிறவனை நம்பிப் பயனில்லை,
வாசற்படியே மறுக்க வேண்டும்.
பெயர், தேதி, எடை, மூன்றும் ஒத்தால்
உள்ளே விடாதே என்று
அட்டவணைக்கே கட்டளை போட்டேன்.
அன்று பகல் முழுக்கத் தூங்கினேன்.

வியாழக்கிழமை வந்தார் மேலட்டி ஜோகி.
"முதல் லோடு அறுநூற்று நாற்பது.
ரெண்டாவதும் அறுநூற்று நாற்பது.
மூட்டைக்கு நாற்பது கிலோ, லோடுக்குப் பதினாறு மூட்டை,
எப்பவும் அப்படித்தான் கட்டுவேன்.
ஒழுங்கா கட்டினது குத்தமா?"
அவருடைய இரண்டாம் லோடை
என் வாசற்படி தின்றுவிட்டிருந்தது.

(கீழட்டியிலும் ஒரு ஜோகி உண்டு.
அவர் அடுத்த வாரம் வந்தார். அது தனிச் சண்டை.)

மறுபடி வந்ததும்
இன்னொன்றாய் வந்ததும்
முகத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

பிறகு, மூட்டை இறங்கும் இடத்திலேயே,
தராசுக்கு முன்னால், சிக்னலுக்கும் முன்னால்
ஒரு சீட்டு கிழிக்கச் சொன்னேன்,
பஸ் டிக்கெட் மாதிரி, எண் அச்சடித்தது.
பத்துத் தடவை தட்டினாலும் அந்த எண் ஒன்றுதான்.
இரண்டு லோடு என்றால் இரண்டு சீட்டு.
பார்த்த சீட்டே திரும்ப வந்தால்
அட்டவணை சத்தம் போடாது,
சரி, தெரியும், போ என்று அனுப்பிவிடும்.

ஆனால் உள்ளே ஏற்கெனவே இரட்டைகள் இருக்கும்வரை
பூட்டு விழாது.
இருநூற்றுப் பன்னிரண்டு ஜோடி.
பழைய ரசீதுக் கட்டைகளைப் பிரித்து
ஈரத்தில் ஒட்டிய தாள்களை ஊதி ஊதி
இருநூற்றுப் பதினொன்றைத் தீர்த்தேன்.

மிச்சம் ஒன்று.
ஜனவரி பதினேழு. மேலட்டி ஜோகி. அறுநூற்று நாற்பது.
மூன்று பத்துக்கு ஒன்று, மூன்று பதினொன்றுக்கு ஒன்று.
ஒரு நிமிடத்தில் பதினாறு மூட்டை ஏற்றி இறக்க
யாராலும் முடியாது.
ஆனால் அன்று போன் அணைந்து கிடந்து
பல லோடுகளைப் பிறகு சேர்த்து எழுதினோம்.
அந்தத் தாள் மட்டும் கட்டையில் இல்லை.

அவரையே கேட்டேன்.
"உறைபனி கொட்டின நாளா?
கை மரத்துக் கிடந்துச்சு.
எத்தனை தடவை எறக்கினேன்னு
கைக்கே தெரியாது, போ."
சொல்லிவிட்டு மூட்டையில் சாய்ந்து
டீயை ஊதிக் குடித்தார்.
இரண்டு என்று சொல்லியிருக்கலாம்.

வெளியே லாரி ஹாரன் அடித்தது.
இரண்டாம் வரிக்கும் தனியாக
ஓர் எண் தட்டினேன்.
பூட்டு விழுந்தது.

நஞ்சுண்டனுக்கு இது தெரியாது.