கட்டங்கள்

பாரத்தின் ஏழாவது கட்டம் கேட்டது:
சென்ற ஆண்டு இரவல் போன நூல்கள் எத்தனை?
நூற்றுப் பதினான்கு.
உண்மையைத்தான் எழுதினேன்.
அவ்வளவு பெரிய கட்டத்துக்குள்
அது ஒல்லியாக நின்றது.

வந்து போகிறவர்களுக்குக் கட்டமே இல்லை.

பாகான் டாலாம் அடுக்குமாடி, கீழ்த்தளம்,
குப்பை அறைக்கும் சூராவுக்கும் நடுவே நாங்கள்.
பிறையில் இரவு ஷிப்ட் முடிந்த கையோடு
தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றாமல்
லோகேஸ்வரி வந்தாள்.
ஆட்குறைப்புக் கடிதம், பெர்கேசோவுக்கு மூன்று பிரதி.
தாளுக்கு இருபது காசு.
சில்லறை இல்லை, பிறகு தரேன் என்றாள்.
நோட்டில் இருக்கிறது: லோ., அறுபது காசு.
சாப்பாடு கொண்டுபோகும் மோட்டார்க்காரன் அஸ்லான்
கைப்பேசியைச் சார்ஜில் போட்டுவிட்டு
புவியியல் அலமாரிக்கு அடியில்
கால் நீட்டித் தூங்கினான்.
மிஸஸ் கோ சீனப் பத்திரிகையில்
மரண அறிவித்தலை மட்டும் படித்து
மடித்து வைத்தார்,
இன்றைக்கு நாமில்லை என்பதுபோல.

பதினெட்டாயிரம் வெள்ளி கேட்டிருந்தேன்.
கூரை ஒழுகலுக்கு, நாற்காலி பன்னிரண்டுக்கு, கணினிக்கு,
எனக்கு முழுநாள் சம்பளத்துக்கு.
கடைசியை எழுதி, அடித்து,
மறுபடி எழுதினேன்.

நான்கு மாதம் கழித்துப் பதில்:
முதல் கட்டமாக
பார்கோடு ஸ்கேனர் ஒன்று, மென்பொருள் ஒன்று,
பழகிக்கொள்ள இரண்டு நாள் பயிற்சி,
மதிய உணவு உண்டு.
கூரை இத்திட்டத்தில் அடங்காது.
இரண்டாம் கட்டம் என்று ஒரு சொல்
கடிதத்தில் எங்கும் இல்லை.
பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

பெர்ரி ஏறி அக்கரைக்குப் போனேன்.
ஹோட்டல் அறையில் பல் கிட்டும் குளிர்.
பக்கத்து நாற்காலியில் பாலிக் பூலாவ் நூலகர், திரு. யோங்.
எங்களுக்குக் கூரை ஒழுகுகிறது என்றேன்.
அவர்களுக்குக் கரையானாம்.
அதோடு நண்பர்களாகிவிட்டோம்.

ஒரு புத்தகத்தைப் பதிந்து பாருங்கள் என்றார் புவான் ரொஹாய்ஸா.
வீட்டுக் குழாய் பழுதுபார்த்தல், இரண்டாம் பதிப்பு.
தட்டினேன். திரையில்
வரிசையாகக் காலிக் கட்டங்கள்.
மலாய் வந்தது. யோங்குக்குச் சீனம் வந்தது.
யாரோ ஜாவியில் அடித்தார்கள், அதுவும் வந்தது.
ரூமியில் எழுதிவிடுங்களேன், சுலபம் என்றார்
நல்ல மனதோடுதான்.
அறுநூற்று நாற்பத்திரண்டு புத்தகம், புவான் என்றேன்.
குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

கறிபாப் தின்றுகொண்டிருந்த தொழில்நுட்பப் பையன் ஹரிந்தர்
கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.
எழுத்துரு இல்லை அக்கா, வேறொன்றுமில்லை.
போட்டுவிடலாம்.
ஆனால் கடவுச்சொல் தலைமையகத்தில்,
தலைமையகம் வெள்ளிக்கிழமைத் தொழுகையில்.
மூன்று மணிவரை
என் மொழி காத்திருந்தது,
நான் இரண்டாம் முறை புட்டிங் எடுத்துவந்தேன்.

வந்தது. ஒவ்வொரு கட்டமாக உடைந்து
ழு, து, பா.
கொம்பு மட்டும் எழுத்தை விட்டு
ஒரு விரற்கடை தள்ளி நின்றது,
கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி.
போகட்டும், படிக்க முடிகிறது.

இப்போது மழை.
அலமாரி மூன்றுக்கு வாளி, ஐந்துக்குப் பேசின்.
எங்கள் தமிழ்ப் புத்தகங்களில் பாதிக்கு
முதுகில் பார்கோடே கிடையாது.
லோகேஸ்வரி ஸ்டிக்கர் உரித்துத் தருகிறாள், நான் ஒட்டுகிறேன்.
வேலை கிடைக்கும்வரை என்கிறாள்.
அறுபது காசை அவளும் தரவில்லை,
நானும் கேட்கவில்லை.
அறுபத்தெட்டு முடிந்திருக்கிறது.
ஒவ்வொன்றுக்கும் ஸ்கேனர் ஒரு தரம் கீச்சிடுகிறது,
அஸ்லான் புரண்டு படுக்கிறான்.

அடுத்த ஆண்டுப் பாரம் வந்துவிட்டது.
ஏழாவது கட்டத்துக்குப் பக்கத்தில்
ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து
நானே ஒன்று போட்டேன்.
பிரதி எடுத்தவர் இருநூற்றெட்டு.
தூங்கினவர் தொண்ணூறு.
மழைக்கு ஒதுங்கினவர் முப்பத்தொன்று.
உள்ளேயும் மழைதான் என்பதைக்
குறிப்பில் சேர்த்திருக்கிறேன்.