சுற்று

கடை நம்பரை
ஞானதிரவியத்தின் செல்லுக்குத் திருப்பிவிட்டது நான்தான்.
அவர் அதைக் கூட்டாளி சுப்புராமுக்குத் திருப்பினார்,
சுப்புராம் மறுபடி கடைக்கே.
தீபாவளிக் கணக்கில் பேச்சு நின்றுபோனவர்கள்.

இரண்டு நாளாக யார் கூப்பிட்டாலும்
மாசி வீதிகளில் வண்டி நிறுத்த இடம் தேடுகிறவன் மாதிரி
தெற்கு, மேற்கு, வடக்கு, கீழ என்று சுற்றி
எங்கும் இறங்காமல்
அறுந்துபோகிறது அழைப்பு.

மாடிப்படிக்கு அடியில் சுவிட்ச் பெட்டி.
மூடியைக் கழற்றினால்
இரண்டு பல்லி முட்டை,
பென்சிலில் எழுதிய எக்ஸ்டென்ஷன் எண்கள்.
பாதிப் பேர் இப்போது இங்கே வேலையில் இல்லை.

சோதிக்க என் நம்பரைப் போட்டேன்.
உடனே அடித்தது.
ஸ்பீக்கரில் வைத்தேன்.

"சோழவந்தான்லருந்து பேசுறேன்.
காயில் கருகிப்போச்சு, நாத்து காயுது.
முந்தாநேத்துலருந்து அடிக்கிறேன்,
ஒங்க கடையில மனுசங்களே இல்லையாய்யா?"

கல்லாவில் ஒருவர்,
குழாய் அடுக்கிய பக்கம் ஒருவர்.
இருவரும் என்னையே பார்த்தார்கள்.

மோட்டாரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.
"எத்தனை எச்.பி.?" என்றேன்.

"ஏழரை."

குழாய்ப் பக்கம் யாரோ செருமினார்கள்,
இல்லை, சிரித்தார்கள்.
திரும்பிப் பார்க்காமல்
ஸ்க்ரூடிரைவரைத் தேடுகிறவன் போல
கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன்.