நிகர எடை

கொருக்குப்பேட்டையில் சரக்கு ரயில் போனது.
ஜெனிட்டா வீட்டு மேஜை அதிர்ந்தது.
மூன்று கிரகங்களை எரித்து முடித்த இயந்திரன்
முகங்குப்புற விழுந்தான்
மிக்சர் தட்டில்.
இடது கை கழன்று
கட்டிலுக்கடியில் போய்விட்டது.

"வுழுந்தா வுழுந்ததுதான் ப்ரோ"
என்றான் குத்புதீன்.
விதிப்புத்தகத்தில் ரயில் இல்லை.
ஆனால் பகடை அவன் கையில் இருந்தது.

ஆகவே இந்த வாரம் நான் நிலம் செய்கிறேன்.

முட்டை வடிவப் பலகை, ஒரு சாண் நீளம்.
கார்க்கைக் கையால்தான் பிய்க்க வேண்டும்,
கத்தி பட்டால் பாறை பொய் சொல்லும்.
அம்மாவின் சுகர் மாத்திரை அட்டையைக் கவிழ்த்தால்
ஆணி அடித்த இரும்புத் தகடு.
தீர்ந்த ரீஃபில்கள் குழாய்ப்பாதை.
ஒன்றை மெழுகுவர்த்தியில் காட்டி வளைத்தேன்,
பக்கத்தில் இருந்தது தானே வளைந்துகொண்டது.
வடிகட்டிய டீத்தூள் காய்ந்தால்
மழையே பார்க்காத மண்.
துருவுக்குச் செங்கல்பொடி, பழைய பஞ்சால் ஒற்றி ஒற்றி.

சாம்பலுக்கு எங்கும் போகவில்லை.
ஜன்னல் கம்பியில் இருந்தது.
விரலால் வழித்து ஃபெவிக்கோலில் குழைத்தேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால்
கார்க்கின் வயிற்றைக் குடைந்து
பஞ்சர் கடை இஸ்ரவேல் கொடுத்த
சக்கரம் சமன் செய்யும் ஈயத்துண்டுகள்
பதினொன்றைப் புதைத்திருந்தேன்.
மேலே கைகளை விரித்து நிற்பவன் மெலிந்த கணுக்கால்காரன்,
தோளில் இரண்டு பீரங்கி.
இப்படி ஒருத்தனை யார் வடிவமைப்பார்கள்?

எடை எனக்குத் தெரியும்.
எர்ணாவூர் எடைமேடையில் இரவு வேலை.
பாரத்தோடு ஒருமுறை, காலியாக ஒருமுறை,
கழித்தால் நிகரம்.
கிளீனர் உள்ளே தூங்கினால்
தட்டி எழுப்பி இறக்கிவிடுவேன்.
அவனைச் சரக்கில் சேர்க்கக் கூடாது.

வலது காலுக்கடியில் என்ன நசுங்க வேண்டும்?
வழக்கமாக ஒரு மனிதனை வைப்பார்கள்.
இந்த அளவில் மனிதன்
என் சுண்டுவிரலின் முதல் கணு.
ஒருத்தனைப் படுக்க வைத்தேன்.
தலைக்கவசத்தைச் சுரண்டிப் பார்த்தேன்.
சுரண்டியிருக்கக் கூடாது.
யாரோ தெரிந்த ஆள் மாதிரி ஆகிவிட்டான்.

அவனை எடுத்துவிட்டு அங்கே வாய்க்கால் வெட்டினேன்.
ரெசின் ஊற்றி, ஒரு சொட்டு கறுப்பு விட்டு,
ஊசி முனையால் இழுத்தேன்.
எண்ணெய் மிதக்கும் தண்ணீரை
படம் பார்த்து வரைய வேண்டியதில்லை, இந்தப் பக்கத்தில் இருக்கிறவனுக்கு.
எடுத்த ஆளை
இயந்திரனின் குதிகாலுக்குப் பின்னால்
குழாயோரம் திரும்பி நிற்க வைத்தேன்.
ஒன்றுக்குப் போகிறான்.
எதிராளி பக்கமிருந்து பார்த்தால் தெரியாது.

வார்னிஷ் அடித்த ராத்திரி கடற்காற்றில் ஈரம்.
விடிந்து பார்த்தால் நிலம் முழுக்க வெளுத்துப் பூத்திருந்தது.
பாழ்.
துடைக்க எடுத்த துணியோடு
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
ஓடையில் தண்ணீர் வற்றிய இடத்தில்
உப்பு இப்படித்தான் படியும்.
துணியை மடித்து வைத்துவிட்டேன்.

சனி இரவு மூன்று மணி.
வண்டி இல்லாத ஒரு சின்ன இடைவெளி.
பையிலிருந்து எடுத்து
மேடையின் நட்டநடுவில் வைத்தேன்.
அத்தனை நீள இரும்பில் அவன் மட்டும்.
ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன்:
பூஜ்யம்.

இருபது கிலோவுக்குக் கீழே இந்த மேடைக்குக் கண் தெரியாது.
மூன்று கிரகம், இரண்டு பீரங்கி, பதினொரு ஈயம்,
ஒன்றுக்குப் போகிறவன்,
எல்லாம் சேர்த்து.

நானும் போய் அவன் பக்கத்தில் நின்றேன்.
கண்ணாடிக்கு அப்பால் சிவப்பாய் அறுபது.
நான் அறுபத்தேழு.
ஏழு எங்கே போயிற்று என்று
கேட்க ஆளில்லை.

மணலி பக்கமிருந்து ஒரு கண்டெய்னர்
விளக்கைத் தாழ்த்தி ஹாரன் அடித்தது.
முன்சக்கரம் சாய்தளத்தில் ஏறவும்
கால்வழியே மேடை நடுங்கியது, கொருக்குப்பேட்டை மாதிரி.

அவன் ஆடவில்லை.
நான்தான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.